பிரசவ மரணங்கள்: பொறுப்பு மருத்துவரோடு முடிந்துவிடுவதில்லை

2024 நவம்பரில் கர்நாடகத்தின் பல்லாரி அரசு மருத்துவமனையில் சிசேரியன் செய்துகொண்ட பெண்கள் அடுத்தடுத்து உயிரிழந்தனர். ஒரு மாத காலத்திற்குள் ஐந்து தாய்மார்கள் பலியாயினர். அவர்களுக்கு ஏற்றப்பட்ட ‘ரிங்கர் லாக்டேட்’ திரவத்தின் தரம் குறித்து ஐயம் எழுந்தது. அதைத் தயாரித்தது மேற்கு வங்கத்தின் தனியார் நிறுவனம் ஒன்று. 2025 ஜனவரியில் அம்மாநிலத்தின் மேதினிபூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் குழந்தை பெற்ற தாய் ஒருவர் இறந்தார். மேலும் சிலர் கவலைக்கிடமாயினர். அங்கும் அதே நிறுவனத்தின் திரவம்தான் சர்ச்சைக்குள்ளானது.

மேற்கு வங்க அரசு ஆறு பயிற்சி மருத்துவர்கள் உள்ளிட்ட 12 மருத்துவர்களை இடைநீக்கம் செய்தது. மூத்த மருத்துவர்கள் பணியில் இல்லாமல் அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அது கடும் குற்றமே. ஆனால், பல்லாரி மரணங்களுக்குப் பிறகும் அத்திரவம் பிரசவ வார்டில் இருந்தது எப்படி? கொள்முதல் செய்த அதிகாரிகளும் தயாரித்த முதலாளியும் பதில் சொல்ல வேண்டாமா?

மோடி அரசோ எதிர்த்திசையில் செல்கிறது. 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம், மருந்துகள் சட்டத்தின் 27(டி) பிரிவுக் குற்றங்களைப் பணம் கட்டிச் சமரசம் செய்துகொள்ள வழிதிறந்தது. போலி மருந்துகளுக்கான கடும் தண்டனை நீடிக்கிறது என்பது அரசின் வாதம். ஆனால் தரக்குறைவான மருந்து வழக்குகள் பெரும்பாலும் 27(டி) பிரிவின் கீழ்தான் வருகின்றன.

பாதிக்கப்பட்ட குடும்பத்திற்கு நிவாரணம் பெறும் வழியும் குறுகலானது. அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சையளிக்கும் மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வராது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் கட்டிப் பிரசவம் பார்த்தவருக்கு நுகர்வோர் நீதிமன்றம் உண்டு. கூலித் தொழிலாளியின் மனைவிக்கு இல்லை. பாதுகாப்பான பிரசவம் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என 2010இல் தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. அவ்வுரிமையை ஏழைப் பெண் நிலைநாட்ட எளிய வழி ஏதுமில்லை.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பிரசவ மரணத்தின் ஆய்வு முடிவும், பெயர் விவரமின்றி, மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். தவறு யாருடையது என்ற விசாரணை முடியும்வரை காத்திராமல் இழப்பீடு வழங்கப்பட வேண்டும். காலிப் பணியிடங்கள் நிரந்தரமாக நிரப்பப்பட வேண்டும். தரமற்ற மருந்து தயாரிப்போருக்குச் சமரசச் சலுகை ரத்தாக வேண்டும். ஆத்திரத்தில் செவிலியரையும் மருத்துவரையும் தாக்குவதால் இவற்றில் எதுவும் கிட்டாது. மருத்துவமனை ஊழியர்களையும் நோயாளிகளையும் ஒரே கோரிக்கையில் இணைப்பதே தோழர்கள் முன்னுள்ள கடமை.