வண்டி பேசுது: சென்சார் மாத்தியும் விளக்கு எரியுதா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஓரிக்கையில் எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கும் நெசவாளர் அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, காரைக் கொஞ்சம் பாக்கிறியா? இன்ஜினைப் பிரிக்கணுங்கிறாங்க. நாற்பதாயிரம் ஆகுமாம்."

பழைய பெட்ரோல் கார்தான். பட்டு நூல் எடுத்து வர, நெய்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்க, வயதான அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக என்று அந்த வீட்டுக்கு அதுதான் கை, கால் எல்லாம். மூன்று மாதமாக டேஷ்போர்டில் 'செக் இன்ஜின்' விளக்கு எரிகிறது. பிக்கப் இல்லை. மைலேஜும் குறைந்துவிட்டது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, நாக் சென்சார் போயிடுச்சு என்று மாற்றியிருக்கிறார்கள். பத்து நாளில் மறுபடி விளக்கு. இரண்டாவது சென்சாரும் போட்டாயிற்று. விளக்கு அணையவில்லை. கடைசியில்தான் அந்த நாற்பதாயிரம் கணக்கு.

நாக் சென்சார் என்றால் என்ன?

பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் தீ ஒரு பக்கத்தில் தொடங்கிச் சீராகப் பரவ வேண்டும். சில நேரம் அந்தத் தீ வந்து சேர்வதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடித்துவிடும். அப்போது தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல 'டக டக' என்று சத்தம் வரும். அதுதான் நாக்கிங். தொடர்ந்தால் பிஸ்டனே பழுதாகும்.

அம்பாசடர் காலத்தில் இதை டிரைவரின் காதுதான் கண்டுபிடிக்கும். மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி டைமிங்கைச் சரிசெய்வார். இன்று அந்தக் காதின் வேலையைச் செய்வது நாக் சென்சார். இன்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் சின்னப் பொருள். உள்ளே இருப்பது, அதிர்ந்தால் மின்சாரம் தரும் ஒரு வில்லை. உங்கள் சமையலறை கேஸ் லைட்டரை அமுக்கினால் பொறி வருகிறதே, அதே தத்துவம்தான். 1880-ல் பிரான்சில் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தது.

சென்சார் நாக்கிங்கை உணர்ந்து சொன்னதும், காரின் கம்ப்யூட்டர் பொறி விடும் நேரத்தைச் சற்றுத் தள்ளிப்போடும். சத்தம் நின்றுவிடும். சென்சாரிடமிருந்து தகவலே வரவில்லை என்றால்? 'எதற்கு வம்பு' என்று கம்ப்யூட்டர் பெரும்பாலும் நேரத்தைத் தள்ளியே வைத்துக்கொள்ளும். இன்ஜின் தப்பிக்கும். ஆனால், இழுவையும் மைலேஜும் குறையும். அண்ணன் காருக்கு நடந்தது இதுதான்.

எண்ணைக் கேளுங்கள்

ஸ்கேனரில் வரும் எண்ணை முதலில் எழுதி வாங்குங்கள். பி0325 என்றால் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு. பி0326 என்றால் சென்சார் தரும் அளவு வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது. பி0327 என்றால் வோல்டேஜ் மிகக் குறைவு. பி0328 என்றால் மிக அதிகம்.

கவனியுங்கள், இந்த நான்கில் எதுவும் 'சென்சார் செத்துவிட்டது' என்று சொல்லவில்லை. சர்க்யூட் என்றால் சென்சார், அதன் பிளக், ஒயர், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்ததுதான்.

அண்ணன் வைத்திருந்த மூன்று ரசீதுகளிலும் பி0327 என்றே இருந்தது. சென்சார் மாற்றுவதற்கு முன்பும் அதே எண், இரண்டு முறை மாற்றிய பின்பும் அதே எண். அப்படியென்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்.

எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

முதலில் ஒயரும் பிளக்கும். பிளக்கில் தண்ணீர், ஆயில், பச்சைப் பாசி போன்ற களிம்பு இருக்கிறதா? ஒயர் எங்காவது உரசியிருக்கிறதா? எலி கடித்திருக்கிறதா? இரவில் இன்ஜின் சூட்டைத் தேடி எலி ஏறுவது நம் ஊரில் சகஜம்.

இரண்டாவது, போல்ட். பல கார்களில் சுமார் 20 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கச் சொல்வார்கள். உங்கள் காருக்கான அளவை சர்வீஸ் மேனுவலில் பார்க்கச் சொல்லுங்கள். தளர்ந்திருந்தாலும் தப்பு, மூச்சைப் பிடித்து முறுக்கினாலும் தப்பு. அடியில் துரு, அழுக்கு இருக்கக் கூடாது. கூடுதலாக வாஷர் போடக் கூடாது.

மூன்றாவது, வேறு சத்தங்கள். தளர்ந்த பிராக்கெட், டாப்பெட் சத்தம், தேய்ந்த டைமிங் செயின் இவற்றின் அதிர்வையும் சென்சார் நாக்கிங் என்று நினைத்துக்கொள்ளலாம்.

நான்காவது, நாக்கிங் உண்மையிலேயே இருக்கலாம். உள்ளே கார்பன் படிவு, இன்ஜின் அதிகமாகச் சூடாவது, தவறான ஸ்பார்க் பிளக் என்று காரணங்கள் பல. அப்போது சென்சார் மேல் குற்றமே இல்லை. அது உண்மையைத்தான் சொல்கிறது.

இவையெல்லாம் சரி என்றால்தான் சென்சாரைச் சோதிக்க வேண்டும். மல்டிமீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்து, சென்சாருக்குப் பக்கத்தில் பிளாக்கில் ஸ்பேனரால் லேசாகத் தட்டினால் முள் அல்லது எண் அசைய வேண்டும். சென்சார் மேலேயே தட்டக் கூடாது. அசைவே இல்லை என்றால் தாராளமாக மாற்றலாம்.

'எல்லாம் எத்தனால் பெட்ரோலால்தானே?'

இப்போது எந்தக் கோளாறு என்றாலும் இந்தக் கேள்வி வருகிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் மைலேஜ் கொஞ்சம் குறையும் என்பது உண்மை. ஆனால் எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், அதாவது நாக்கிங்கைத் தாங்கும் குணம் அதிகம். அதனால் நாக்கிங் பழியை மட்டும் அதன்மேல் போட முடியாது.

அண்ணன் கார் என்ன ஆனது?

அந்தக் காரில் சென்சார் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் பளபளவென்று புது சென்சார். அங்கிருந்து போகும் ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். ஒரு ஜான் தள்ளி, எலி கடித்து உள்ளே செம்பு தெரிந்தது. கடித்த இடத்தை வெட்டி, புது ஒயர் சேர்த்துச் சால்டர் வைத்து, மேலே உறையையும் சரியாக மூடினோம். பழைய எண்ணை அழித்துவிட்டு உத்திரமேரூர் சாலையில் ஒரு ரவுண்டு போய் வந்தோம். விளக்கு எரியவில்லை. இன்றுவரை எரியவில்லை. செலவு இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை.

அண்ணன் சிரிக்கவில்லை. இரண்டு சென்சாருக்கும் கூலிக்கும் கொடுத்த பணம் ஒரு சேலையின் நெசவுக் கூலி.

"தறியில பூ தப்பா விழுந்தா ஜக்கார்டு பெட்டியவா மாத்துவோம்? எந்தக் கயிறு அறுந்திருக்குன்னு தானே முதல்ல பார்ப்போம்" என்றார்.

அதையே ஒர்க்‌ஷாப்பில் நீங்களும் கேளுங்கள். "மாத்துறதுக்கு முன்னாடி ஒயரைப் பாத்தீங்களாண்ணே?" சண்டையாக வேண்டாம், சாதாரணமாகக் கேட்டால் போதும். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். கழற்றிய பழைய சென்சாரையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

விளக்கு எரிந்தாலும் வண்டி ஓடுகிறதே என்று மாதக்கணக்கில் விடாதீர்கள். மேட்டில் ஏறும்போது 'டக டக' சத்தம் கேட்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். அன்றே காட்டிவிடுங்கள்.