கைப்பையில் இருபது பென்ஸ்

இங்கிலாந்துக்காரர்கள் இருவர் சந்தித்தால் முதலில் மழையையும் குளிரையும் பற்றித்தான் பேசுவார்கள் என்று நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். உண்மைதான். ஆனால் அந்தப் பேச்சு இரண்டு நிமிஷத்தில் முடிந்து விடும். மூன்றாவது நிமிஷம் எதைப் பற்றிப் பேசுவார்கள் தெரியுமா? காரைப் பற்றி!

விருந்தாளி உள்ளே வந்து கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள், "எந்த வழியாக வந்தீர்கள்?" என்று வீட்டுக்காரர் கேட்பார். எம்-1 சாலையில் எங்கே ரிப்பேர் நடக்கிறது, எங்கே திரும்பியிருந்தால் பத்து நிமிஷம் மிச்சமாகியிருக்கும் என்று ஆரம்பித்தால், மேஜை மேல் தேநீர் ஆறிப் போகும். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். பெட்ரோல் வாங்குவது லிட்டர் கணக்கில். "என் வண்டி காலனுக்கு நாற்பத்தைந்து மைல் கொடுக்கிறதாக்கும்!" என்று பெருமையடித்துக் கொள்வதோ காலன் கணக்கில். அவர்களுடைய காலன் நாலரை லிட்டருக்குச் சற்றே அதிகம். மனக் கணக்குப் போட்டே அந்தத் தேசத்தார் கூர்மையான புத்தியுடன் இருக்கிறார்களோ என்னவோ!

என் பெண் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். போன வருஷம் மூன்று மாதம் அவளுடன் தங்கியிருந்தேன். அவளுக்கு இரவு டியூட்டி. அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. மாப்பிள்ளையின் வண்டியோ அவர் வேலைக்கே சரியாகப் போய் விடும். நம் ஊர் லைசென்ஸை வைத்துக் கொண்டு அங்கே குடியேறியவர்கள் 12 மாதம்தான் ஓட்டலாம். அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பரீட்சையில் தேறியாக வேண்டும். சென்னையில் ஆறு வருஷம் கார் ஓட்டியவள், அங்கே இரண்டாவது தடவைதான் தேறினாள். பிறகு கார் வாங்கும் படலம் ஆரம்பித்தது.

கையில் சேர்த்து வைத்திருந்தது நாலாயிரம் பவுண்டு. விளம்பரத்தில் பார்த்தது வெள்ளி நிறத்தில் ஒரு சின்னக் கார். விலை மூவாயிரத்து எண்ணூறு. கண்ணாடி மாதிரிப் பளபளப்பு! "ஜாக்கிரதையான ஓர் அம்மாள் ஓட்டிய வண்டி" என்று விற்பவர் சொன்னார். அந்த ஊரில் பழைய கார் விற்கிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை அது என்று எனக்கு அப்போது தெரியாது. "ஆஹா, நம்மைப் போல் ஒரு பெண்பிள்ளை வைத்திருந்த வண்டி" என்று மனம் குளிர்ந்து போனேன்.

நல்ல வேளையாக, பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்களுடன் வந்திருந்தார். அவரும் நானும் சிநேகிதமானதே ஒரு காரினால்தான். தம்முடைய முதல் கார் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்றும், அதன் முன்பாகம் முழுவதும் முதலை வாயைப் பிளப்பது போல் திறந்து கொள்ளும் என்றும் ஒரு நாள் சொன்னார். "அந்தக் காரை 1961-லிருந்து சென்னைப் பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று செய்தார்களே, எங்கள் தெருவிலேயே ஒன்று இருந்தது" என்றேன். அவ்வளவுதான், அன்றிலிருந்து நான் அவருக்குச் சொந்தக்காரி மாதிரி ஆகி விட்டேன்.

பெரியவர் காரின் பளபளப்பைப் பார்க்கவே இல்லை. பையிலிருந்து ஓர் இருபது பென்ஸ் நாணயத்தை எடுத்தார். குனிந்து, முன் டயரில் இருக்கும் பள்ளத்துக்குள் அதைச் செருகினார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். இருபது பென்ஸைச் சுற்றி ஒரு விளிம்பு இருக்கிறது. பள்ளத்துக்குள் அந்த விளிம்பு மறைந்து விட்டால் டயர் தேவலை. விளிம்பு வெளியே தெரிந்தால் டயர் தேய்ந்திருக்கிறது, உடனே சரியாக அளந்து பார்க்க வேண்டும் என்று அர்த்தம். சட்டப்படி பள்ளம் 1.6 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். மழைத் தண்ணீரை ஒதுக்கி விட்டு டயர் ரோடைப் பிடிப்பது அந்தப் பள்ளத்தினால்தான்.

முன் டயர் இரண்டிலும் விளிம்பு பளிச்சென்று தெரிந்தது.

"டயர்தானே, மாற்றிக் கொண்டால் போகிறது" என்று என் பெண் சொன்னாள். பெரியவர் தலையை ஆட்டினார். தேய்ந்த டயர் ஒன்றுக்கு 2,500 பவுண்டு வரை அபராதமும், லைசென்ஸில் 3 குற்றப் புள்ளிகளும் உண்டு என்றார். பரீட்சை தேறி இரண்டு வருஷத்துக்குள் ஆறு புள்ளி சேர்ந்தால் லைசென்ஸே போய் விடும். மறுபடி 'எல்' பலகை கட்டிக் கொண்டு ஆரம்பிக்க வேண்டியதுதான். இரண்டு டயருக்கு மூன்றும் மூன்றும் ஆறு! என் பெண்ணின் முகம் வெளுத்து விட்டது.

அடுத்தபடியாக டெலிபோனை எடுத்து, சர்க்காரின் வலைத்தளத்தில் அந்தக் காரின் நம்பரைப் பதிவு செய்தார். அங்கே மூன்று வயது நிறைந்த ஒவ்வொரு காருக்கும் வருஷந்தோறும் 'எம்.ஓ.டி.' என்ற பரீட்சை உண்டு. போக்குவரத்து மந்திரி இலாகாவின் ஆங்கில முதலெழுத்துக்கள் அவை. 1960-ல் இது வந்த போது பத்து வயதான வண்டிகளுக்குத்தான். 1967-லிருந்து மூன்று வயது என்று ஆக்கினார்கள். ஒவ்வொரு வருஷமும் வண்டி தேறியதா, எத்தனை மைல் ஓடியிருந்தது, பரிசோதித்தவர் என்ன எச்சரித்தார் என்று எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் காலணாச் செலவில்லாமல் பார்க்கலாம். ஒரு வருஷத்தை விட அடுத்த வருஷம் மைல் குறைந்திருந்தால், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும்.

அந்த வெள்ளிக் காரில் மைல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பிரேக் குழாய் துருப் பிடித்திருக்கிறது என்று இரண்டு வருஷமாகத் தொடர்ந்து எச்சரித்திருந்தார்கள். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. காரைப் பளபளவென்று தேய்த்த கை, குழாயைத் தொடவில்லை!

வந்தனம் சொல்லி விட்டுத் திரும்பினோம். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பெரியவர் மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது. பெண்ணோ இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இரவு பத்து மணிக்கு மழையில் வாடகைக் காருக்காக வாசலில் நிற்கும் கஷ்டம் அவளுக்கல்லவா தெரியும்?

மூன்று வாரம் கழித்து ஒரு நீலக் கார் கிடைத்தது. கதவில் ஒரு கீறல், பார்வைக்குச் சுமார். நம்பர் பலகையில் 17 என்று இருந்தது. இதற்கும் ஒரு கணக்கு உண்டு. மார்ச் முதல் ஆகஸ்டு வரை பதிவானால் வருஷத்தின் கடைசி இரண்டு எண். செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை என்றால் அதோடு ஐம்பதைக் கூட்ட வேண்டும். ஆகவே 17 என்றால் 2017 மார்ச்சுக்குப் பிறகு வந்தது. 67 என்றால் அதே வருஷம் செப்டம்பருக்குப் பிறகு. நம்பரைப் பார்த்தே வயதைச் சொல்லி விடலாம். நம்மில் யாராவது இப்படி வயதை நெற்றியில் ஒட்டிக் கொள்ளச் சம்மதிப்போமா?

அந்த வண்டிக்கு வருஷா வருஷம் சர்வீஸ் செய்த முத்திரைகள் புத்தகத்தில் ஒழுங்காக இருந்தன. இதுவும் முக்கியம். ஏனென்றால் எம்.ஓ.டி. பரீட்சையில் எஞ்சினையும், கியர் பெட்டியையும், கிளச்சையும் சோதித்துச் சொல்ல மாட்டார்கள். டைமிங் பெல்ட் உள்ள வண்டியில் அதை உரிய காலத்தில் மாற்றினார்களா என்று கேட்க வேண்டும். அது ஓட்டத்தில் அறுந்தால் பல எஞ்சின்கள் அதோடு பாழ்.

வாங்கிய பிறகும் இரண்டு விஷயம் பாக்கி. பழைய சொந்தக்காரர் கட்டிய சாலை வரி புதியவருக்கு வராது; 2014 அக்டோபரிலிருந்து அப்படிச் சட்டம். 1921-லிருந்து கண்ணாடியில் ஒட்டி வந்த வட்டச் சீட்டையும் அன்றே எடுத்து விட்டார்கள். நாமே வரி கட்டி விட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும்.

இன்ஷூரன்ஸ் தொகையைக் கேட்டதும் என் பெண் மூர்ச்சை போடாத குறை. ஒரு காலத்தில் பெண்களுக்கு அங்கே தொகை குறைவாக இருந்ததாம். ஆணென்றும் பெண்ணென்றும் பேதம் பார்க்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 2012 டிசம்பரிலிருந்து அந்தச் சலுகை போய் விட்டது. "உன் புருஷன்தான் முக்கியமாக ஓட்டுகிறவர் என்று எழுதி விடேன், குறைந்து விடும்" என்று கூட வேலை செய்யும் ஒருத்தி யோசனை சொன்னாள். பெரியவர் காதில் இது விழுந்ததும், "அது மோசடி அம்மா. விபத்து என்று வந்தால் கம்பெனி பணம் தர மறுக்கலாம்" என்றார். என் பெண் முக்கிய ஓட்டுநராகத் தன் பெயரையும், கூட ஓட்டுகிறவராகக் கணவர் பெயரையும் எழுதினாள். இது நியாயமான வழி. தொகையும் சிறிது குறைந்தது.

நவம்பரில் முதல் உறைபனி விழுந்தது. கார்க் கண்ணாடி முழுவதும் வெள்ளைப் படலம். நான் கெட்டிலில் வெந்நீரோடு ஓடினேன். "ஐயோ அம்மா, கண்ணாடி விரிந்து விடும்!" என்று பெண் தடுத்தாள். சுரண்டித்தான் எடுக்க வேண்டும். எல்லாப் பக்கமும் தெளிவாகத் தெரிந்த பிறகே கிளம்ப வேண்டும். எஞ்சினை ஓட விட்டு வீட்டுக்குள் வந்தால், கார் திருடனுடன் புறப்பட்டு விடும்!

1909-ல் டாரதி லெவிட் என்ற ஆங்கிலப் பெண்மணி பெண்களுக்காகவே கார் ஓட்டுவதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பின்னால் வருவதைப் பார்க்கக் கையில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்துக் கொள்ளுங்கள் என்று அதில் யோசனை சொல்லியிருக்கிறார். முகம் பார்க்கும் கண்ணாடி அப்படி ரோடு பார்க்கவும் உதவியிருக்கிறது. இப்போது என் பெண்ணின் கைப்பையில் கண்ணாடியோடு ஓர் இருபது பென்ஸும் இருக்கிறது. மாதம் ஒரு முறை நாலு டயரையும் பார்த்து விடுகிறாள்.

அந்த உறைபனி இரவில் அவள் வேலைக்குக் கிளம்பியதும் நான் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தேன். அரை மணியில், "வந்து சேர்ந்து விட்டேன், நீ தூங்கு அம்மா" என்று செய்தி வந்தது. தூங்கி விட்டேன். வெள்ளிக் காரில் போயிருந்தால் தூங்கியிருப்பேனா?

உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ அந்தத் தேசத்தில் கார் வாங்கப் போவதாக எழுதினால், "என்ன கலர்?" என்று கேட்காதீர்கள். "டயரைப் பார்த்தாயா?" என்று கேளுங்கள்.