கோட்டளவு உரிமை

இங்கிலாந்தின் நாட்டுப்புறம் நடப்பவர் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது என்ற எண்ணம் பரவலாக உண்டு. பச்சைக் குன்றுகள், கல் அடுக்கிய மதில்கள், மேயும் ஆடுகள், முதுகில் பையோடு நடந்து போகும் ஒருவர் எனச் சுற்றுலா விளம்பரங்கள் காட்டும் படத்தில் நிலத்துக்குச் சொந்தக்காரர் தென்படுவதே இல்லை. இதிலிருந்து வேறு சில நம்பிக்கைகளும் கிளைத்துவிடுகின்றன: தேசியப் பூங்காக்கள் அரசின் சொத்து, அங்கே இருப்பது மனிதக் கை படாத இயற்கை, எங்கும் சுற்றித் திரியலாம், நிலக்கிழார்களின் பெருந்தன்மையால்தான் பாதைகள் திறந்திருக்கின்றன. இவற்றில் ஒன்றுகூட ஆராய்ச்சிக்கு நிற்காது. அந்நாட்டில் பொதுமக்களுக்குப் பெரும்பாலும் வாய்த்திருப்பது பிறர் நிலத்தின் ஊடே செல்லும் ஒரு கோட்டின் மீதான உரிமைதான். கோட்டைத் தாண்டினால் அது சட்டென முடிந்துவிடும். கோட்டுக்குள் நிலக்கிழாராலும் அதை அசைக்க முடியாது.

முதலில் தேசியப் பூங்கா. அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் மைய அரசின் நிலம். இங்கிலாந்தின் ஏற்பாடு வேறு. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1951-இல் அமைந்த முதல் பூங்கா பீக் டிஸ்ட்ரிக்ட். அதன் நிர்வாக ஆணையத்துக்குச் சொந்தமானது அந்தப் பரப்பில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளையிடமும் குடிநீர் நிறுவனங்களிடமும் இன்னும் கொஞ்சம் உண்டு. மற்றவை தனியார் பண்ணைகள், வேட்டை எஸ்டேட்டுகள், கல்குவாரிகள், வீடுகள். பூங்காவுக்குள்ளேயே 30,000-க்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். ஆடு வளர்க்கிறார்கள், மதுக்கூடம் நடத்துகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். ஆணையத்தின் முதன்மையான அதிகாரம் கட்டட அனுமதியில் இருக்கிறது. ஒரு கொட்டகைக்கு என்ன கூரை போடலாம் என்பதை அது தீர்மானிக்கும். பூங்காவின் எல்லைப் பலகையைக் கடந்து உள்ளே வரும் நடையருக்கு அதனாலேயே ஓர் அடி நிலத்தில்கூடக் கூடுதல் உரிமை வந்துவிடுவதில்லை.

கை படாத இயற்கை என்ற வாதத்துக்கு நார்ஃபோக் ஏரிகளே போதுமான மறுப்பு. படகுப் பயணிகள் கொண்டாடும் அந்த நீர்நிலைகள் இயற்கையாக உருவானவை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அவை இடைக்காலத்தில் எரிபொருளுக்காகக் கரிமண் வெட்டிய குழிகள் என்றும், பின்னர் நீர்மட்டம் உயர்ந்து அவை நிரம்பின என்றும் 1950-களில் தாவரவியலர் ஜாய்ஸ் லாம்பர்ட்டும் உடன் ஆய்ந்தவர்களும் நிறுவினார்கள். லேக் டிஸ்ட்ரிக்ட் என்னும் ஏரி மாவட்டமும் அப்படித்தான். அங்குள்ள மொட்டைக் குன்றுகள் ஒரு காலத்தில் காடாக இருந்தவை. மரம் வெட்டியதும் நூற்றாண்டுகளாக ஆடு மேய்ந்ததும் சேர்ந்து அவற்றை மொட்டையாக்கின. தேர்ல்மியர் ஏரி, மான்செஸ்டர் நகரின் குடிநீருக்காக அணை கட்டிப் பெரிதாக்கியது. 1894-இல் அந்த நீர் நகரை எட்டியது. அஞ்சல் அட்டைகளில் அதிகம் இடம்பெறும் டார்ன் ஹௌஸ், மூன்று சிறு குட்டைகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு நிலக்கிழார் அணை போட்டு ஒன்றாக்கியது. 2017-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏரி மாவட்டத்தைச் சேர்த்தபோது பண்பாட்டு நிலக்காட்சி என்றே அதை வகைப்படுத்தியது. காட்சியின் அழகு இதனால் குறையவில்லை. ஆனால் நடையர் கடந்து போவது யாரோ ஒருவரின் வேலைக்களத்தை என்பது இதிலிருந்து தெளிவாகும்.

எங்கும் சுற்றித் திரியலாம் என்ற நம்பிக்கை பெரும்பாலும் ஸ்காட்லாந்தைப் பார்த்து வருவது. அங்கே 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலத்திலும் நீரிலும் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் கூடாரம் அடிக்கவும் இடம் தருகிறது. இங்கிலாந்தின் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வளவு தாராளமானதல்ல. மலை, மூர் எனப்படும் மரமற்ற மேட்டுநிலம், புதர்வெளி, சுண்ணாம்புக் குன்றின் புல்வெளி, பதிவு பெற்ற பொதுமேய்ச்சல் நிலம் ஆகியவற்றை மட்டுமே அது திறந்துவிட்டது. இவை நாட்டின் பரப்பில் சுமார் 8 விழுக்காடு. பெரும்பகுதி வடக்கிலும் மேட்டுப் பகுதிகளிலும் கிடக்கிறது. லண்டனைச் சுற்றி வாழும் கோடிக்கணக்கானோருக்கு அதனால் கிடைத்தது சொற்பம். சில துண்டுகளைச் சுற்றிலும் தனியார் நிலமே இருப்பதால், உள்ளே திரிய உரிமை உண்டு, போய்ச் சேரத்தான் வழி இல்லை. சட்டம் இயற்றியவர்கள் இதை எப்படி விட்டுவைத்தார்கள் என்பது வியப்புக்குரியது. திறந்த நிலத்திலும் அனுமதிக்கப்பட்டது நடந்து செல்வதுதான். சைக்கிள், குதிரை, கூடாரம், ஆற்றில் குளிப்பது எதுவும் அதில் அடங்காது. நிலக்காரரைக் கேட்காமல் இரவு தங்கும் உரிமை டார்ட்மூரின் பொதுநிலங்களில் மட்டும் 1985-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தால் உண்டு. அதையும் ஒரு நிலக்காரர் எதிர்த்து வழக்காடினார். 2023-இல் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது, 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் மக்களின் உரிமையை உறுதி செய்தது.

பாதைகள் நிலக்கிழார்களின் கொடை என்ற வாதம் வரலாற்றோடு நேராக மோதுகிறது. பதினேழாம் நூற்றாண்டு முதல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நில வளைப்புச் சட்டங்கள், ஊர்மக்கள் கூட்டாக மேய்த்தும் விதைத்தும் வந்த திறந்தவெளிகளை வேலிக்குள் கொண்டுவந்தன. இங்கிலாந்தின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இப்படிக் கைமாறியது. 1815-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், தேவையற்றது எனக் கருதும் பாதையை இரண்டு மாஜிஸ்ட்ரேட்டுகள் சேர்ந்து மூடிவிடலாம் என்றது. அந்த மாஜிஸ்ட்ரேட்டுகள் பெரும்பாலும் நிலக்கிழார்களே. தேவையற்றவை எவை என்று ஊகிப்பது கடினமல்ல. இதை எதிர்த்து 1824-இல் யார்க் நகரிலும் 1826-இல் மான்செஸ்டரிலும் பாதைப் பாதுகாப்புச் சங்கங்கள் தோன்றின. 1896-இல் போல்ட்டன் நகருக்கு அருகே வின்டர் ஹில் குன்றுக்குச் செல்லும் வழியை நிலக்கிழார் ஒருவர் அடைத்தபோது, ஆயிரக்கணக்கான ஆலைத் தொழிலாளர்களும் நகர மக்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் வாயிலைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். வழக்கில் தோற்றார்கள். அந்தப் பாதை பொதுவழியாகப் பதிவானது சரியாக நூறாண்டு கழித்து, 1996-இல்.

இந்த வரலாற்றை 1932 ஏப்ரல் 24-இல் நடந்த கிண்டர் ஸ்கவுட் அத்துமீறல் ஒன்றுக்குள் அடக்கிவிடுவது நடையர் பக்கத்தாரின் பிழை. அன்று மான்செஸ்டர் இளைஞர் பென்னி ராத்மன் தலைமையில் நூற்றுக்கணக்கானோர், க்ரௌஸ் பறவை வேட்டைக்காகப் பூட்டி வைத்திருந்த மூர் நிலத்தில் ஏறினார்கள். ஐவர் சிறை சென்றார்கள். கவனிக்க வேண்டியது, தண்டனை கலவரம், தாக்குதல் போன்ற குற்றச்சாட்டுகளுக்கு. அத்துமீறி நுழைவது அன்று உரிமையியல் தவறு மட்டுமே. நுழைவோர் தண்டிக்கப்படுவர் என்று மிரட்டிய மரப்பலகைகள் சட்டப்படி வெறும் பொய். நடையர் சங்கங்களின் தலைவர்கள் பலருக்கு அந்தப் போராட்ட முறையில் உடன்பாடு இருக்கவில்லை. உடனடிப் பலனும் கிட்டவில்லை. 1939-இல் வந்த மலையணுகல் சட்டம் பெரிதும் சிதைக்கப்பட்டிருந்தது; சில இடங்களில் அத்துமீறலைக் குற்றமாக்கவும் அதில் வழி இருந்தது. 1949-ஆம் ஆண்டுச் சட்டமே அதை அகற்றியது. கிண்டர் மக்களின் மனத்தை அசைத்தது என்பது மெய். கோடுகளை மீட்டுத் தந்தது அதற்கு முன்னும் பின்னும் ஊர் ஊராக நடந்த மனுக்களும் வழக்குகளும் கணக்கெடுப்புகளும்தான்.

அந்தக் கணக்கெடுப்பில்தான் பாதையின் பலம் இருக்கிறது. 1949-ஆம் ஆண்டுச் சட்டம், மாவட்ட மன்றங்கள் ஒவ்வொன்றும் தம் பகுதியின் பொதுவழிகளை உறுதி வரைபடத்தில் பதிய வேண்டும் என்றது. அதில் ஏறிய பாதை, இருக்கிறதா இல்லையா என்ற விவாதத்துக்கு அப்பாற்பட்டது. வரைபடத்தில் இல்லாத வழியிலும் மக்கள் தடையின்றி, அனுமதி கேட்காமல், 20 ஆண்டுகள் நடந்துவந்தால் அது பொதுவழியாகிவிட்டது என்றே சட்டம் கொள்ளும். நிலக்காரர் அப்படி நேர்வதை விரும்பவில்லை என்பதற்குச் சான்று காட்டினால்தான் விலக்கு. வயலின் நடுவே போகும் பாதையை உழுதால் 14 நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குச் சீராக்கித் தர வேண்டும். வயல் ஓரப் பாதையை உழவே கூடாது. பாதையில் முள்வேலி போட்டிருந்தால், கடந்து போகத் தேவையான அளவு அதை அகற்ற நடையருக்கு உரிமை உண்டு. பால் இனக் காளை பத்து மாத வயதைத் தாண்டினால், பொதுப்பாதை செல்லும் வயலில் அதை விடுவது தடை. இறைச்சி இனக் காளை பசுக்களோடு இருந்தால் விடலாம். பால் இனக் காளைகளே அதிக முரடு என்ற அனுபவம் இந்த விதிக்குப் பின்னால் இருக்கிறது. எதிரே நிற்கும் காளையின் இனத்தைக் கண்டறியும் பொறுப்பு மட்டும் நடையருடையது.

சைக்கிள்காரரின் நிலை வேறு. நடப்பவர் போகும் வழியெல்லாம் தாமும் போகலாம் என்று நினைப்பவர்கள் ஏராளம். இங்கிலாந்தில் ஏறத்தாழ 1,90,000 கிலோமீட்டர் பொதுவழிகள் இருந்தாலும், அவற்றில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் நடைபாதைகள்; அங்கே சைக்கிளுக்கு உரிமை இல்லை. நீல அம்புக்குறி இட்ட குதிரைப் பாதைகளைச் சைக்கிளுக்குத் திறந்துவிட்டது 1968-ஆம் ஆண்டுச் சட்டம்; நடப்போருக்கும் குதிரைக்கும் வழி விட வேண்டும் என்ற நிபந்தனை அதில் உண்டு, ஆனால் சக்கரத்துக்கு ஏற்றபடி தரையைச் சீராக்கும் கடமை மன்றத்துக்குக் கிடையாது. மழைக்குப் பின் குதிரைக் குளம்புகள் கலக்கிய சேற்றில் உரிமை இருந்தும் பயனில்லை. சைக்கிள்காரர்கள் இன்று விரும்பிப் போகும் வழிகள் பலவும் ஓடாமல் போன ரயில்தடங்களே. பீக் டிஸ்ட்ரிக்டின் மான்சால் தடத்தில் 1968-இல் ரயில் நின்றது. 1981-இல் அது நடைவழியாகத் திறந்தாலும் சுரங்கங்களின் கதவுகள் 2011-இல்தான் விலகின.

நடையருக்கும் எல்லாம் முடிந்துவிடவில்லை. கணக்கெடுப்பின்போது பல ஊர்மன்றங்கள், அவற்றில் அமர்ந்திருந்த நிலக்காரர்களுக்குப் பிடிக்காத பாதைகளை விட்டுவிட்டன. விடுபட்டவற்றைச் சேர்க்க 2000-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 வரை கெடு வைத்தது. பின்னர் அது 2031-க்குத் தள்ளிப் போனது. கெடுவையே நீக்கப்போவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. ராம்ப்ளர்ஸ் என்னும் நடையர் அமைப்பின் தன்னார்வலர்கள் பழைய வரைபடங்களை இன்றையவற்றோடு ஒப்பிட்டு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து 49,000 மைலுக்கும் மேற்பட்ட பாதைகள் விடுபட்டிருக்கக்கூடும் என்று கண்டார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே விண்ணப்பித்து நிரூபித்தாக வேண்டும். அதற்கு வலுவான ஆதாரமாக ஏற்கப்படுபவற்றில் ஒன்று, பொதுநிலத்தை வேலிக்குள் அடைத்த அதே வளைப்பு ஆணைகள்: எந்த நிலம் யாருக்கு என்று பிரித்துக் கொடுத்த அவற்றிலேயே எந்த வழி பொதுவாக விடப்பட வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது.