பெறவு படிக்கலாம்



உங்களில் பலருடைய பிள்ளைகள் இப்போது பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் படிக்கிறார்கள். "சார், பையனுக்கு நல்ல புத்தி உண்டு. ஆனா எதைச் சொன்னாலும் பெறவு, பெறவுன்னு சொல்லுதான்" என்று போனில் வருத்தப்படுகிறீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காலாண்டில் மார்க் குறைந்தால் அரையாண்டில் பிடித்துவிடலாம் என்பார்கள். அரையாண்டுத் தேர்வு நேரத்தில் அருமனையில் கிறிஸ்துமஸ் களைகட்டிவிடும். அது முடிந்தால் பொங்கல். கடைசியில் பொதுத்தேர்வு மார்க்தானே கணக்கு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

2020-ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் மாதம் நடக்கவிருந்த பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கொரோனாவால் தள்ளிப்போய், ஜூனில் ரத்தானது. எல்லாரும் பாஸ். ஆனால் மார்க் எப்படிப் போட்டார்கள்? காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம். 2021-இல் பிளஸ் டூ தேர்வும் ரத்தானபோது, பாதி மதிப்பெண்ணைப் பத்தாம் வகுப்பு மார்க்கிலிருந்தே எடுத்தார்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்கு அந்தக் கடைசி வரவே இல்லை.

வருஷா வருஷம் தேர்வு ரத்தாகாது, உண்மைதான். ஆனால் நம் ஊரில் ரப்பர் வெட்டுகிறவர்களைக் கேளுங்கள். விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். பத்து நாள் வெட்டாமல் விட்ட பாலை ஒரே நாளில் எடுக்க முடியாது. படிப்பும் அப்படித்தான்.

இதற்காகப் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். வகுப்பில் நான் கண்டது இது: பிள்ளைகள் எல்லாப் பாடத்தையும் தள்ளிப்போடுவதில்லை. பயப்படுகிற பாடத்தைத்தான் தள்ளிப்போடுவார்கள். கணக்கைத் தொடாத பையன் கிரிக்கெட் என்றால் விடியற்காலையிலேயே எழும்புவான். ஏசினால் பயம் கூடும், பயம் கூடினால் புத்தகம் இன்னும் தூரமாகும்.

"போய்க் கணக்குப் படி" என்று சொல்லாமல், "இந்த ஒரு கணக்கை மட்டும் போடு மக்ளே, நான் பக்கத்தில் இருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பத்து நிமிஷம் அவன் போனும் உங்கள் போனும் அடுத்த அறையில் இருக்கட்டும். ஒரு கணக்கு வந்துவிட்டால் அடுத்ததை அவனே போடுவான்.

எந்தப் பாடம் பயமாக இருக்கிறது என்று உங்கள் பிள்ளையிடம் இன்று ராத்திரியே கேளுங்கள். பெறவு கேட்கலாம் என்று நீங்களும் இருந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் சார்