பானெட்டைத் திறக்க என்ன பயம்?

மே மாத மதிய வெயில். கோரிப்பாளையம் சிக்னல். முன்னால் டவுன் பஸ், பின்னால் ஷேர் ஆட்டோ, நடுவில் ஒரு பழைய அம்பாசடர் இருமி இருமி நின்றுபோனால் என்ன நடக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலு பேர் ஹாரன் அடிப்பார்கள். ரெண்டு பேர் இறங்கித் தள்ளுவார்கள். ஒருத்தர் கட்டாயம் "அண்ணே, இதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருங்கண்ணே" என்பார்.

விஷயம் தெரிந்த டிரைவர் அலட்டிக்கொள்ள மாட்டார். பானெட்டைத் தூக்கி, இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் பெட்ரோல் பம்ப் மேல் ஒரு ஈரத்துணியைச் சுற்றுவார். பத்து நிமிஷத்தில் வண்டி கிளம்பிவிடும். இதில் மந்திரம் எதுவும் இல்லை. இன்ஜின் சூட்டில் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. அந்தப் பம்ப் திரவத்தைத் தள்ளுவதற்காகச் செய்தது, ஆவியைத் தள்ள அதற்குத் தெரியாது. துணி காய்ந்து குளிர்ந்தால் ஆவி மறுபடி பெட்ரோலாகிறது. பானைத் தண்ணீர் குளிரும் அதே கணக்குதான். காரணம் தெரியாதவர் அதே இடத்தில் டோ பண்ணும் வண்டியைக் கூப்பிட்டுப் பணத்தைக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் இன்ஜின் வேலையில் பாதியையாவது தாங்களே செய்யப் பழக வேண்டும் என்று சொன்னால் உடனே வரும் பதில், "அதெல்லாம் மெக்கானிக் வேலை பாஸ், நமக்கெதுக்கு?" என்பதுதான். புதுக் காருக்கு அந்தப் பதில் ஓரளவு சரி. எல்லாம் சென்சார், எல்லாம் கம்ப்யூட்டர். ஆனால் 1957 வாக்கில் ஆரம்பித்து 2014 மே மாதம் வரை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர் கதை வேறு. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் இந்திய வாரிசு அது. அதன் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் ஒளித்து வைக்கப்பட்ட பாகம் என்று எதுவும் கிடையாது. பானெட்டைத் திறந்தால் ஓரமாக ஒரு ஆள் நின்று வேலை பார்க்கும் அளவுக்கு இடம் இருக்கும்!

டேப்பட் செட்டிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைக் கேட்டாலே பலருக்கு உதறல். வால்வைத் தட்டித் திறக்கும் ராக்கர் கைக்கும் வால்வு தண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்க வேண்டும். இந்த இன்ஜினுக்கு, சூடான நிலையில், அது 0.015 அங்குலம். பட்டறை பாஷையில் 15 தவ். மில்லிமீட்டரில் 0.38. ஒரு பீலர் கேஜ், ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூடிரைவர். கருவி அவ்வளவுதான்.

எந்த வால்வை எப்போது செட் பண்ணுவது? இங்கேதான் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. நாலு சிலிண்டர், எட்டு வால்வு. முன்பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண் கொடுத்துக்கொள்ள வேண்டும். 8ஆம் வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது 1ஆம் வால்வைச் செட் பண்ணலாம். 6 திறந்திருந்தால் 3. 4 திறந்திருந்தால் 5. கூட்டினால் எப்போதும் 9. வாய்ப்பாடு தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பையன் பக்கத்தில் நின்றால் போதும், தப்பு வராது :-)

இன்னொன்று. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் இடைவெளியும் ஏறக்குறைய அதே 15 தவ்தான். காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும் வண்டிகளில் பாதிக்கு மேல், பாயிண்ட் கருகியிருப்பதோ கண்டென்சர் போயிருப்பதோதான் நோயாக இருக்கும். அதற்கும் இதற்கும் ஒரே கேஜ் தகடு!

டேப்பட் சத்தம் கேட்டால் எல்லோரும் பதறுகிறார்கள். உண்மையில் டக் டக் சத்தம் வந்தால் இடைவெளி கூடியிருக்கிறது, அவ்வளவுதான். சத்தமே இல்லாமல் பட்டுப் போல ஓடினால்தான் சந்தேகப்பட வேண்டும். இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுசாக மூடாது. மூடாத வால்வு சூட்டை வெளியேற்ற முடியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும். அப்புறம் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். "சத்தம் வரக்கூடாதுண்ணே, டைட் பண்ணிருங்க" என்று மெக்கானிக்கை நச்சரித்து வால்வைக் காவு கொடுக்கும் ஓனர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

ஸ்பேனர் விஷயத்திலும் கவனம் தேவை. இந்த இன்ஜினின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர். 13ஆம் நம்பர் ஸ்பேனர் போட்டால் மாட்டும், ஆனால் லேசாக ஆடும். நாலு தடவை திருகினால் போல்ட்டின் தலை உருண்டையாகிவிடும். பழைய வண்டிகளில் கெட்டுப்போன போல்ட்டுகளுக்குப் பாதி காரணம் வயசு இல்லை, இந்த 13ஆம் நம்பர்தான். அங்குல செட் ஒன்று வாங்கிவிட்டு மற்ற செலவைப் பார்க்கலாம்.

சரி, எல்லாவற்றையும் வீட்டு வாசலிலேயே செய்துவிடலாமா? கூடாது. பிளக், பாயிண்ட், கார்புரேட்டர் ஜெட் சுத்தம், டேப்பட், ஹோஸ், பெல்ட் வரை ஓனர் கை வைக்கலாம். ஹெட் கேஸ்கட் என்றால் டார்க் ரெஞ்ச் வேண்டும், போல்ட்டுகளை வரிசைப்படி இறுக்க வேண்டும், ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அம்பாசடரின் இரும்பு ஹெட்டாவது கொஞ்சம் தாங்கும். மாருதி 800இன் அலுமினிய ஹெட் ஒரு முறை நன்றாகக் கொதித்தாலே வளைந்துவிடலாம். அதில் டைமிங் பெல்ட் வேறு. ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இன்ஜினின் கணக்கே மாறிப்போகும். ரீபோர், கிராங்க் வேலைக்கெல்லாம் லேத் பட்டறைதான். பிரேக்கில் கத்துக்குட்டி வேலையே வேண்டாம், தப்பினால் அடுத்தவன் உயிர்.

இதில் நியாயமான ஒரு எதிர்க்கேள்வி உண்டு. எல்லோரும் தானே செய்துகொண்டால் தெருவோர மெக்கானிக் எதைத் தின்பார்? ஷோரூம் செல்ல வசதி இல்லாதவர்களுக்கு இத்தனை வருஷமாகக் கை கொடுத்தவர் அவர். ஆனால் அவருக்கு வேலை குறைவது ஓனர் பிளக் துடைப்பதால் இல்லை. கார்புரேட்டர் வண்டிகளே குறைந்துவிட்டன. 2000ஆம் ஆண்டை ஒட்டி மாருதி 800இலேயே கார்புரேட்டர் போய் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வேலை பழகும் பையன்கள் இப்போது ஸ்கேனர் பிடிக்கத்தான் விரும்புகிறார்கள். அதைத் தப்பு சொல்லவும் முடியாது. காதை வைத்தே டேப்பட் செட் பண்ணும் பெரியவர்களுக்கு இனி மாணவன் கிடைக்க வேண்டுமென்றால் அது வண்டி ஓனராகத்தான் இருக்க முடியும். முழுக் கூலியைக் கொடுத்து, "அண்ணே, நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தால் எந்த மெக்கானிக்கும் விரட்ட மாட்டார். டீ வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

பழுது பார்க்கும் அறிவைப் பூட்டி வைப்பதில் கம்பெனிகளுக்கு எவ்வளவு ஆசை என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஸ்பேர் பார்ட்ஸையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் வைத்திருந்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்தப் பட்டியலில் அம்பாசடரைத் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸும் உண்டு! வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது தனிக்கதை. 2022இல் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது அதில் வாகனங்களும் ஒரு பிரிவாகச் சேர்க்கப்பட்டன.

இன்னொரு பக்கம் அதே அரசு பழைய வண்டிக்காரரின் பாக்கெட்டையும் தடவுகிறது. 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். புகை கக்கும் வண்டிகளை ஒழிக்கத்தான் என்றால் புகையை அளந்து பார்த்துக் கட்டணம் போடலாமே? ஒழுங்காக டேப்பட் செட் பண்ணி, ஜெட் சுத்தம் பண்ணி ஓடும் வண்டிக்கும், கரும்புகை தள்ளும் வண்டிக்கும் ஒரே ரசீது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆயிலை நீங்களே மாற்றினால் பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். கோரிப்பாளையத்தில் ஊற்றினால் அது நேராகப் போய்ச் சேரும் இடம் வைகைதான். ஒரு கேனில் பிடித்து பட்டறையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், அங்கே கழிவு ஆயில் எடுக்க ஆள் வரும்.