வீல் ஸ்பேசர் மாட்டும் முன் போல்ட்டைப் பாருங்கள்!

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். தேர் போய் கார் வந்துவிட்டது. அன்று அச்சாணி செய்த வேலையை இன்று செய்வது, சக்கரத்தின் நடுவில் வட்டமாக நிற்கும் நாலைந்து போல்ட்டுகள். விரல் நீளம்கூட இல்லாத இந்த இரும்புத் துண்டுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அலாய் வீல் பற்றிப் பேசுகிறார்கள், டயர் அகலம் பற்றிப் பேசுகிறார்கள், ஸ்பேசர் எத்தனை மில்லிமீட்டர் என்று பேசுகிறார்கள். போல்ட் என்று வந்தால் மட்டும், "அதான் பழசு இருக்கே, அதையே போட்டுக்கலாம்" என்று முடித்துவிடுகிறார்கள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஸ்பேசர் என்பது ஒரு அலுமினிய வளையம், அவ்வளவுதான். ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அதை வைத்தால் சக்கரம் சில மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும். உள்ளே ஒடுங்கிக் கிடந்த டயர் மட்கார்டின் விளிம்போடு வந்து நிற்கும்போது வண்டிக்கு ஒரு கம்பீரம் வருகிறது. புது அலாய் வீல் பிரேக் காலிப்பரில் இடித்தால், அதைத் தவிர்க்கவும் ஸ்பேசர் உதவுகிறது. இதற்கு ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் ஸ்பேசர் வாங்குகிறவர் உண்மையில் வாங்க வேண்டியது போல்ட். வளையம் அதற்குத் துணைப்பொருள். சரியான போல்ட் இல்லாத ஸ்பேசரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

போல்ட்டா, நட்டா?

மாருதி, ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டா போன்ற கார்களில் பொதுவாக ஹப்பிலிருந்தே ஸ்டட் நீட்டிக்கொண்டு இருக்கும். சக்கரத்தை அதில் மாட்டி நட் போட்டு இறுக்குவார்கள். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி, பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் போன்ற ஐரோப்பிய கார்களில் ஸ்டட் கிடையாது. ஹப்பில் மரை போட்ட துளை இருக்கும். போல்ட் சக்கரத்தின் வழியாகப் போய் அந்தத் துளைக்குள் திருகி இறங்கும். இந்தக் கட்டுரை இந்த இரண்டாவது வகையைப் பற்றியது. 2010 முதல் 2022 வரை இந்தியாவில் விற்ற ஃபோக்ஸ்வேகன் போலோவை ஆசையாக மாற்றி ஓட்டுகிறவர்கள் நம்மூரிலும் நிறையப் பேர். எனவே அதையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். அதன் போல்ட் 14 மி.மீ. தடிமன், மரை இடைவெளி 1.5 மி.மீ. நிறுவனம் சொல்லும் இறுக்கம் 120 நியூட்டன் மீட்டர்.

கணக்கு எளிமையானது

ஒரு வண்டியில் போல்ட் ஹப்புக்குள் 13 மி.மீ. இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. வீதம் அது எட்டரைச் சுற்றுக்கு மேல் பிடித்திருக்கிறது. 10 மி.மீ. ஸ்பேசர் போட்டுவிட்டுப் பழைய போல்ட்டையே மாட்டினால் உள்ளே இறங்குவது 3 மி.மீ. மட்டுமே. அதாவது இரண்டு சுற்று. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி, அதற்குள் நாலைந்து உயிர், எல்லாம் இரண்டு சுற்று மரையில் தொங்குகிறது.

"5 மி.மீ. தானே, அதற்கு எதற்குப் புது போல்ட்?" என்று கேட்பவர்கள் உண்டு. அதே கணக்கைப் போட்டால் மிஞ்சுவது 8 மி.மீ., ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் அதிகம். 14 மி.மீ. தடிமனும் 1.5 மரையும் உள்ள போல்ட் குறைந்தது ஏழரைச் சுற்றாவது பிடிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஸ்பேசர் தயாரிப்பாளர்கள் சொல்லும் அளவு. 12 மி.மீ. தடிமனும் 1.5 மரையும் என்றால் ஆறரைச் சுற்று. ஆக, 5 மி.மீ. ஸ்பேசரும் இந்த வண்டியில் தேறவில்லை. இதில் பயமுறுத்தும் விஷயம், இறுக்கும்போது எந்த வித்தியாசமும் தெரியாது என்பதுதான். டார்க் ரெஞ்ச் ஒழுங்காகவே 'டிக்' என்று சொல்லும். கடைக்காரரும் நிம்மதியாகக் கையைத் துடைத்துக்கொள்வார்.

எனவே விதி இது: ஸ்பேசர் எத்தனை மில்லிமீட்டரோ, போல்ட்டும் அத்தனை மில்லிமீட்டர் நீளம் கூட வேண்டும். 27 மி.மீ. போல்ட் இருந்த இடத்தில் 15 மி.மீ. ஸ்பேசர் வந்தால் 42 மி.மீ. போல்ட். தலையையும் அதன் அடியில் சக்கரத்தில் உட்காரும் பாகத்தையும் சேர்க்காமல், அதற்குக் கீழே உள்ள தண்டை மட்டும் அளக்க வேண்டும்.

ஸ்பேசரோடு அலாய் வீலையும் மாற்றினால் இந்தக் கூட்டல் மட்டும் போதாது. போல்ட் போகும் இடத்தில் ஒவ்வொரு வீலும் ஒவ்வொரு கனம். அதற்கு ஒரு வழி இருக்கிறது. பழைய வீலில் பழைய போல்ட்டைச் செருகி, பின்பக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டு வருகிறது என்று அளக்க வேண்டும். புது வீலில் புது போல்ட் அந்த அளவோடு ஸ்பேசரின் கனமும் சேர்ந்து நீட்ட வேண்டும். ஒரு ஸ்கேல் போதும், ஐந்து நிமிட வேலை.

நீளம் கூடினாலும் ஆபத்து

"அப்படியானால் இருப்பதிலேயே பெரிய போல்ட்டாகப் போட்டுவிடலாமே" என்று சிலர் நினைக்கலாம். அதுவும் தவறு. ஹப்பின் துளைக்குப் பின்னால் வெற்றிடம் இல்லை. போலோவின் பின் சக்கரத்தில் டிரம் பிரேக் இருக்கிறது. அளவுக்கு மீறிய போல்ட் பின்னால் நீட்டிக்கொண்டு போய் பிரேக் பாகங்களில் உரசும், இல்லையென்றால் எதிலாவது முட்டி நிற்கும். முட்டி நின்றால் இன்னும் மோசம். போல்ட் இறுகிவிட்டது, ரெஞ்ச் சொல்லிவிட்டது, ஆனால் சக்கரம் இறுகவில்லை.

இதைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றிய பிறகு, புது போல்ட் கடைசியில் எவ்வளவு தூரம் ஹப்புக்குள் போகுமோ அவ்வளவு தூரம் வெறும் கையால் திருகிவிட்டு, ஹப்பை மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். உரசல் சத்தம் வந்தாலோ, கை போகும் முன்பே போல்ட் நின்றுவிட்டாலோ அந்த போல்ட் ஆகாது.

உருண்டையும் கூம்பும்

நீளத்தைவிட அதிகம் ஏமாற்றுவது போல்ட்டின் கழுத்து. ஃபோக்ஸ்வேகனின் சொந்த வீல்களில் போல்ட் உட்காரும் குழி உருண்டையாக, கிண்ணம்போல் இருக்கும். போல்ட்டின் கழுத்தும் பந்துபோல் உருண்டையாக இருக்கும். வெளியில் வாங்கும் அலாய் வீல்களில் பெரும்பாலும் குழி 60 டிகிரிக் கூம்பு. கூம்புக் குழியில் உருண்டை போல்ட்டைப் போட்டால் இரண்டும் பரப்பாகப் பொருந்தாமல், ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் தொடும். முதல் நாள் கல்லுபோல் இறுகியிருக்கும். ஓட ஓட அந்தக் கோட்டில் அலுமினியம் நசுங்கி இடம்கொடுக்கும். பிறகு இறுக்கம் தளரும்.

உருண்டையிலும் ஒரே அளவு கிடையாது. ஃபோக்ஸ்வேகனில் அதன் ஆரம் 13 மி.மீ., போர்ஷேயில் 14 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மரையும் அப்படித்தான். பி.எம்.டபிள்யூ.வின் பழைய மாடல்களில் 12 மி.மீ. போல்ட், 1.5 மரை. புதியவற்றில் 14 மி.மீ. போல்ட், 1.25 மரை. கண்ணால் பார்த்து, "இது செட் ஆகும்" என்று சொல்லக்கூடிய விஷயம் இது இல்லை. கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: தடிமன் என்ன, மரை என்ன, கழுத்து உருண்டையா கூம்பா, தண்டு நீளம் என்ன? நான்கிற்கும் பதில் சொல்லத் தெரியாத கடையில் சக்கரத்தைக் கழற்ற விடக் கூடாது.

போல்ட்டின் தலையில் ஒரு எண் பொறித்திருக்கும். 10.9 என்றிருந்தால், அந்த இரும்பு அறுவதற்குத் தேவையான இழுவிசை சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 1000 நியூட்டன், அதில் 90 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்று பொருள். எண்ணே இல்லாத போல்ட்டை நம்பிக் காசு கொடுப்பது வீண்.

சக்கரத்தை உண்மையில் பிடித்திருப்பது எது?

போல்ட்டின் மேல் சக்கரம் ஆணியில் மாட்டிய படம்போல் தொங்குகிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. இறுக்கும்போது போல்ட் ஒரு ஸ்பிரிங்போல் மிக லேசாக நீள்கிறது. திரும்பச் சுருங்க முயலும் அந்த விசைதான் சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. 14 மி.மீ. போல்ட்டை 120 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் ஒவ்வொன்றும் தோராயமாக 4 டன் எடைக்குச் சமமான விசையில் அழுத்தும். ஐந்து போல்ட் சேர்ந்தால் 20 டன். அந்த அழுத்தத்தால் வரும் உராய்வே சக்கரத்தை நகரவிடாமல் வைத்திருக்கிறது.

அழுத்தம் குறைந்தால் சக்கரம் கண்ணுக்குத் தெரியாத அளவு அசைய ஆரம்பிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் போல்ட் அப்படியும் இப்படியுமாக வளையும். போலோ அளவுள்ள கார் டயர் ஒரு கிலோமீட்டருக்கு 500 முறைக்கு மேல் சுற்றுகிறது. 100 கிலோமீட்டரில் 50,000 வளைவு. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து ஒடிப்பதை எல்லோரும் செய்து பார்த்திருப்பார்கள். அதே கதைதான் இங்கும்.

இதே காரணத்தால்தான் மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது. நிறுவனம் சொல்லும் 120 என்ற அளவு உலர்ந்த மரைக்கு. எண்ணெய் போட்டால் உராய்வு குறைந்து, அதே 120-இல் போல்ட் அளவுக்கு மீறி நீளும். அதே காரணத்தால்தான் இரண்டு ஸ்பேசர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. அதே காரணத்தால்தான் மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மீண்டும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஸ்பேசரே வேண்டாம் என்பவர்களுக்கு

"இவ்வளவு தொல்லை எதற்கு, ஸ்பேசரே தவறு" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, முடிவில் இல்லை. போர்ஷே நிறுவனம் 911 கார்களுக்குத் தானே ஸ்பேசர் விற்றிருக்கிறது, ஆனால் நீளமான போல்ட்டோடு சேர்த்து! ஜெர்மனியில் ஸ்பேசர் பொருத்தினால், அந்தப் பாகத்துக்குரிய சான்றிதழோடு வண்டியைப் பரிசோதகரிடம் காட்டி ஒப்புதல் வாங்குவதே வழக்கம். எந்த போல்ட், எத்தனை நீளம் என்பது அந்தச் சான்றிதழிலேயே இருக்கும். அதாவது ஸ்பேசரையும் போல்ட்டையும் பிரிக்க முடியாத ஒரே பொருளாக அவர்கள் பார்க்கிறார்கள்.

இந்தியாவில் நிலைமை வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு, தயாரிப்பாளரின் அளவுகளிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதை அழுத்தமாகச் சொன்னது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்க இது போதும். மாட்ட நினைப்பவர் அதையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஸ்டெப்னியை மறக்க வேண்டாம்

பஞ்சர் ஆகும் நாளில்தான் இன்னொரு சிக்கல் தெரியும். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி, நிறுவனம் கொடுத்த இரும்பு வீல். அதன் குழி உருண்டை. புது அலாய்க்கு வாங்கிய கூம்பு போல்ட் அதில் உட்காராது. எனவே பழைய போல்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு பையில் கட்டி டூல்ஸோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்பேசரைக் கழற்றிவிட்டு ஸ்டெப்னியைப் பழைய போல்ட்டால் மாட்ட வேண்டும். பின் சக்கரத்துக்கு மட்டும் ஸ்பேசர் போட்டவர்கள் நீள போல்ட்டின் தலையில் கொஞ்சம் சிவப்புப் பெயிண்ட் வைத்துக்கொள்ளலாம். சர்வீஸில் முன்னும் பின்னும் மாறிப் போகாமல் இருக்க அது போதும்.

கடைசியாக ஒன்று. ஓடும் காரிலிருந்து சக்கரம் கழன்றால் வண்டி ஒரு பக்கம் சாயும், ஓட்டுநர் எப்படியோ நிறுத்தியும் விடலாம். ஆனால் 15 கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்தச் சக்கரம் நிற்காது. அது காரின் வேகத்திலேயே தனியாக ஓடும். எதிரே சைக்கிளில் வருகிறவரோ, பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவரோ ஸ்பேசர் மாட்டச் சொல்லிக் கேட்கவில்லை. வண்டியின் அழகு ஒருவருடைய விருப்பம். அதன் போல்ட் மட்டும் ரோட்டில் போகிற எல்லோருடைய பாதுகாப்பு.