இஎம்ஐ ஏறவே இல்லையா? வருஷம் ஏறியிருக்கும், பாருங்க!

வீட்டுக் கடன் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, 'வட்டி எவ்வளவு சார்?' கால் சதவீதம் குறைவாக யார் தருகிறார்கள் என்று நாலு வங்கி ஏறி இறங்குவார்கள். அந்த வட்டி எதை வைத்து ஏறும், இறங்கும் என்று கேட்பவர்கள் குறைவு. 20 வருஷக் கடனில் பாக்கெட்டைப் பதம் பார்ப்பது அதுதான்.

2022 தொடக்கத்தில் ஒருவர் 30 லட்சம் ரூபாயை 7% மாறும் வட்டியில், 20 வருஷத்துக்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 23,260 ரூபாய். அந்த மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டியை ரிசர்வ் வங்கி 4%லிருந்து 6.5% ஆக்கியது. அதே அளவு ஏறினால் அவரது வட்டி 9.5%. பாக்கி 29 லட்சத்துச் சொச்சம். அதற்கு ஒரு மாத வட்டியே 23,000 ரூபாயைத் தாண்டிவிடும். பழைய தவணையையே கட்டினால் அசல் நகரவே நகராது. 'இஎம்ஐ ஏறலையே' என்று நிம்மதியாக இருந்த பலருக்கு, கடன் முடியும் வருஷம் தள்ளிப் போனது பிறகுதான் தெரிந்தது.

இதன் பிறகே, 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரிடம் கேட்க வேண்டும் என்றது. முடிந்தவர்கள் தவணையைக் கூட்டிக்கொள்வதே லாபம்.

2019 அக்டோபர் 1க்குப் பிறகு வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள், ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியை மாற்றியாக வேண்டும். 2025ல் ரெப்போ 6.5%லிருந்து 5.25%க்கு இறங்கியபோது இவர்களுக்குப் பலன் சீக்கிரம் கிடைத்தது. வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு இந்த விதி கிடையாது; தாங்களே வைத்திருக்கும் அடிப்படை வட்டியைத்தான் பார்க்கும். ஏறும்போது வேகம், இறங்கும்போது நிதானம் என்ற புலம்பல் இங்கேதான் அதிகம்.

நிலையான வட்டி என்றால் தலைவலி இல்லைதான். ஆனால் ஆரம்பத்திலேயே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். சிலவற்றில் முதல் சில வருஷம்தான் 'நிலையானது'; ஒப்பந்தத்தைப் படித்தால்தான் தெரியும்.

கட்டி முடிக்காத ஃபிளாட்டுக்குக் கடன் வாங்குபவர்களுக்கு வேறு சிக்கல். கட்டடம் எழும்ப எழும்பத்தான் பணம் விடுவிக்கப்படும். அதுவரை கட்டுவது பெரும்பாலும் வட்டி மட்டுமே. 8.5%ல் 10 லட்சம் விடுவித்திருந்தால் மாதம் சுமார் 7,080 ரூபாய். அசலில் ஒரு ரூபாய் குறையாது. பில்டர் இழுத்தடித்தால் வாடகையும் வட்டியும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும். வெறும் மனைக் கடனுக்கு, வீடு கட்டாதவரை வட்டிக்கான வருமான வரிச் சலுகையும் கிடையாது.

கையில் எவ்வளவு வேண்டும்? 40 லட்ச ரூபாய் தனி வீடு என்றால் 80% வரை, அதாவது 32 லட்சம்தான் கிடைக்கும். மீதி 8 லட்சத்தோடு, தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% என இன்னொரு 3.6 லட்சம். இதற்குக் கடன் வராது. நகையை அடகு வைத்துப் பத்திரம் பதிபவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தனிநபர்கள் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கேட்கக் கூடாது. போனஸ் வந்தால் அசலில் போட்டுவிடலாம். எத்தனை தவணை குறைந்தது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.